ரிப்போர்ட்டில் நான் வாசித்த ஒரே சொல்

எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆனால் ஒரேயொரு ஆங்கிலச் சொல்லை மட்டும் எந்தக் கடுதாசியில் கண்டாலும் அடையாளம் பிடித்துவிடுவேன். ஸ்லைட்லி என்பது அந்தச் சொல். அதைத் தெரிந்து வைத்திருந்தபடியால்தான் என் தங்கச்சியின் மகன் தன் தாயை உயிரோடு பார்க்காமல் போனான்.

அந்தச் சொல் எனக்குக் கிடைத்த இடம் கொழும்பில் கொட்டாஞ்சேனை. அங்கே ஒரு டிஸ்பென்சரியில் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தேன். நம்பர் கூப்பிடுவது, மருந்து அளக்கும் கிளாஸ்களைக் கழுவுவது, மாலையில் நோயாளர் கார்டுகளை எடுத்து அடுக்குவது, இவைதான் என் வேலை. நம்பர் கூப்பிடுவதுதான் எனக்குப் பெரிய பாடு. என் சத்தம் வாசல் வரைக்கும்கூடப் போகாது. "அக்கா, உள்ளுக்க யாரோ முணுமுணுக்கிறாங்க, நம்பரா பாருங்க" என்று வெளியே வாங்குப் பலகையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

டொக்டர் வாய் நிறைய ஸ்லைட்லி சொல்வார். பிரஷர் ஸ்லைட்லி கூட. ஈரல் ஸ்லைட்லி வீக்கம். ஒருநாள் கம்பவுண்டரிடம் அதற்கு என்ன கருத்து என்று கேட்டேன். அவர் மருந்தைக் கலக்கிக்கொண்டே, "கொஞ்சத்திலயும் கொஞ்சம்" என்றார். ஒரு பழைய கார்டின் பின்பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்தின் பேரையும் சொல்லித் தந்தார். எட்டு எழுத்து. இவ்வளவு சின்னக் கருத்துக்கு எட்டு எழுத்தா என்று நினைத்தேன். நடுவில் ஒரு எழுத்து கோட்டுக்குக் கீழே தொங்கும், கடைசி எழுத்தும் தொங்கும். நடுவில் இரண்டு எழுத்துகள் சும்மா நிற்கின்றன, அவற்றை வாயால் சொல்வதில்லையாம். அன்றிலிருந்து கார்டு அடுக்கும்போது அந்தச் சொல்லைத் தேடுவது எனக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது.

அப்படித் தேடித்தேடி நான் கவனித்த ஒன்று இருக்கிறது. நல்ல விஷயம் ஒன்றுக்கு முன்னால் அந்தச் சொல்லை யாரும் போட்டு நான் கேட்டதில்லை. ஸ்லைட்லி நல்லாயிருக்கு என்று டொக்டர் ஒருநாளும் சொன்னதில்லை. கெட்டதற்கு முன்னால் மட்டும்தான் அது வரும், கெட்டதன் கையைப் பிடித்து மெல்ல உள்ளே கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி.

மட்டக்குளியிலிருந்து ஒரு மீன்காரப் பெண் புருஷனோடு வந்தாள். மார்பில் கட்டி. டொக்டர் பார்த்துவிட்டு, "ஸ்லைட்லி தடிப்பா இருக்கு. பெரியாஸ்பத்திரிக்கு ஒருக்காப் போய்க் காட்டுங்கோ" என்றார்.

"ஸ்லைட்லி தானே டொக்டர்?" என்றான் புருஷன்.

"ஓம், ஸ்லைட்லி."

அவன் பெண்சாதியைப் பார்த்து, "கேட்டியா, ஸ்லைட்லியாம். இனி மீன் வெட்ட ஏலாதுன்னு சாக்குச் சொல்ல வராத" என்றான். அவள் அவன் தோளில் ஒரு அடி போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போனாள்.

மாலையில் அவளுடைய கார்டு என் கையில் வந்தது. தேடிப் பார்த்தேன். எட்டு எழுத்துச் சொல் அதில் இல்லை. எனக்கு விளங்கவில்லை. "ஐயா, டொக்டர் வாயால சொன்னதைக் கார்டில எழுதேல்லையே" என்று கம்பவுண்டரிடம் கேட்டேன்.

"வாயால சொல்லுறது அந்த மனிசனுக்கு. எழுதுறது அடுத்த டொக்டருக்கு. எழுத்தில பொய் எழுதேலாது பிள்ளை."

மூன்று நாலு மாதத்துக்குப் பிறகு புருஷன் தனியாக வந்து, நித்திரை வருவதில்லை என்று குளிசை கேட்டான். அவளுடைய கார்டை நான்தான் எடுத்து மேசையின் கீழ் லாச்சிக்குள் போட்டேன். இனி வரமாட்டாத ஆட்களின் கார்டுகளை அதற்குள்தான் போடுவோம். அன்று என் மனதில் ஒன்று ஊன்றிவிட்டது. ஸ்லைட்லி என்று ஒருவர் வாயால் சொன்னால் நம்பக்கூடாது. எழுத்தில் இருந்தால் நம்பலாம். எழுதுகிறவருக்கு முன்னால் அழுகிற முகம் ஒன்றும் நிற்பதில்லை.

டொக்டர் காலமானார், டிஸ்பென்சரியைப் பூட்டினார்கள். நான் வெள்ளவத்தைக்குத் தங்கச்சியோடு இருக்க வந்தேன். எனக்குக் கலியாணம் நடக்கவில்லை, அவள் புருஷனை இழந்தவள். ஒரே மகன் கனடாவில். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லாத ஃபிளாட். தங்கச்சி எனக்கு நேர் எதிர். கடைக்காரனோடு சிங்களத்தில் பகிடி விடுவாள், மரக்கறி விற்கிறவனைத் திருப்பி அனுப்பி இரண்டாம் தரம் மாடியேற வைப்பாள். "அக்கா, உன்ர வாய்க்கு ஆர் பூட்டுப் போட்டது? திறப்பைத் துலைச்சுப்போட்டினமோ?" என்று என்னைக் கேட்பாள். எனக்கும் சேர்த்து அவள்தான் கதைத்தாள். ஆஸ்பத்திரி, வங்கி, கிராம சேவகர் கந்தோர் எல்லாம் அவள் முன்னால் போவாள், நான் பின்னால் பையோடு நிற்பேன்.

அந்தத் தங்கச்சிக்கு மாடியேற மூச்சு முட்டத் தொடங்கியது. முதலில் ஒவ்வொரு வளைவிலும் நின்று ஏதாவது கதை சொன்னாள். அவள் கதை சொல்வது மூச்சு எடுக்கத்தான் என்று விளங்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது. ஒரு நெஞ்சு டொக்டரைக் காசு கட்டி நம்பர் எடுத்து, சனல் பண்ணிக் காட்டினோம். அவர் ஸ்கான் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். ரிப்போர்ட்டை உறையில் போட்டுத் தந்து, டொக்டருக்குக் காட்டுங்கோ என்றார்கள். டொக்டரோ வெளிநாடு போய்விட்டார், பன்னிரண்டு நாள் கழித்து வரத்தான் நம்பர் கிடைத்தது. தங்கச்சி உறையைத் திறக்கவில்லை. "காட்டுற ஆளுக்குக் காட்டுவம். எங்களுக்கு விளங்கவே போகுது?" என்று அலுமாரிக்குள் வைத்தாள்.

மகன் ஒவ்வொரு நாளும் மாலையில் போன் எடுப்பான், அங்கே அவனுக்கு அது காலை. இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கெட்ட செய்தியை அப்படியே சொல்வதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் தகப்பன் காலையிலேயே முடிந்துவிட்டார். சவம் நடு அறையில் கிடக்க, தாய் போனில் மகளுக்கு, "அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலாது பிள்ளை, வெளிக்கிட்டு வா" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தப் பிள்ளை அங்கே தனிய நின்று விழுந்துவிடக்கூடாது என்ற யோசனை. குற்றமில்லை. ஆனால் அதனாலேயே தூரத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் என்று காதில் விழுந்தாலே குலை நடுங்கும்.

தங்கச்சியின் மகன் என்னிடம் நேராகவே சொன்னான். "பெரியம்மா, என்னோட கொஞ்சம் கிஞ்சம் எண்டு கதைக்க வேண்டாம். அம்மாவும் உண்மை சொல்லமாட்டா. ரிப்போர்ட்டில என்ன எழுதியிருக்கு, அதை மட்டும் சொல்லுங்கோ. இப்ப ரெண்டு கிழமை லீவு தாறாங்கள். வெள்ளிக்கிழமைக்குள்ள கேக்கோணும். விட்டா பிறகு தை மாசம் வரைக்கும் அசையேலாது. நான் வரோணுமோ, வேண்டாமோ?"

கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்திருந்த தங்கச்சி கையை ஆட்டினாள். "அக்கா, வரவேண்டாம் எண்டு சொல்லு. எத்தினை வருசம் குளிருக்க விழுந்தெழும்பி இப்பத்தான் ஒரு நல்ல வேலை எடுத்திருக்கிறான்."

"அம்மாவுக்கு ஏன் மூச்சு வாங்குது?" என்று அவன் கேட்டான்.

"இப்பத்தான் முழுகிப்போட்டு வந்தவள்" என்றேன். அவள் அன்று குளிக்கவே இல்லை.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். தங்கச்சியின் போன் ஒருதரம் படியில் விழுந்து, படம் எடுக்கும் பின்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. எடுத்து அனுப்பினேன். "பனி பெய்த மாதிரிக் கிடக்கு, ஒரு எழுத்தும் தெரியேல்லை" என்றான். "முன்வீட்டு டீச்சர் இருக்கிறா தானே. அவவிட்டக் காட்டி வாசிப்பியுங்கோ. அவவின்ர போனில படம் எடுத்துத் தரச் சொல்லுங்கோ. நாளைக்கு எனக்குச் சரியாச் சொல்லோணும் பெரியம்மா."

"ஓம்" என்றேன்.

அடுத்த நாள் காலை தங்கச்சி கண்ணயர்ந்த நேரம் உறையைத் திறந்தேன். இரண்டு தாள், நெருக்கமான எழுத்து. ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு போனேன். இரண்டாம் தாளின் நடுவில் அது இருந்தது. ஸ்லைட்லி. தொங்கும் எழுத்து இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதுவும் கையெழுத்து இல்லை, மெஷினில் அடித்த எழுத்து. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மற்ற வரிகளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் இருக்கும் கடுதாசியில் பெரிய கெடுதி எப்படி இருக்கும் என்று மனம் சொல்லியது.

இருந்தாலும் முன்வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பது ஒரு முஸ்லிம் டீச்சர், பென்ஷன் எடுத்தவர். வாழ்நாள் முழுக்க இங்கிலிஷ் படிப்பித்தவர். எப்போதும் சிரித்த முகம். உறையைச் சேலைத் தலைப்புக்குள் பிடித்துக்கொண்டு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தார். உள்ளே அவருடைய மருமகளும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன அக்கா, உள்ளுக்கு வாங்களேன். தங்கச்சிக்கு எப்பிடி?"

எனக்கு வேர்த்தது. இத்தனை பேருக்கு முன்னால் என் தங்கச்சியின் நெஞ்சுக்குள் இருப்பதை விரித்துக் காட்டவேண்டும். எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும்.

"கறிவேப்பிலை கிடக்கோ எண்டு கேக்க வந்தனான்" என்றேன்.

"அதுக்கா இப்படி நிக்கிறீங்க? ஈக்கி, வீட்டுல நிறைய ஈக்கி. நில்லுங்க."

ஒரு கொப்பைக் கையில் தந்தார். உறையோடும் கறிவேப்பிலையோடும் திரும்பி வந்தேன். பத்து அடிதான் இருக்கும். அந்தப் பத்து அடிக்குள் இன்னொருதரம் போகலாம் என்று நினைத்தேன். பின்னேரம் போகலாம் என்று வைத்தேன். பின்னேரம் அவர்கள் எங்கோ வெளிக்கிட்டார்கள்.

மாலையில் போன் வந்தது.

"டீச்சர் வாசிச்சவவோ பெரியம்மா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் கோபித்திருப்பான், அவ்வளவுதான். ஆனால் என் வாய் ஓம் என்றது.

"என்னவாம்?"

"ஸ்லைட்லி எண்டு போட்டிருக்காம்."

"அந்தச் சொல்லேயோ? அச்சிலையோ?"

"ஓம். எஸ், எல், ஐ..." எட்டு எழுத்தையும் சொன்னேன்.

அவன் சிரித்துவிட்டான். அந்த மாதத்தில் அவன் சிரித்து நான் கேட்டது அன்றுதான். "எட, பெரியம்மா ஸ்பெல்லிங்கும் சொல்லுறா. பயந்து செத்துப்போனன். படம் ஒண்டு எடுத்து அனுப்பச் சொல்லுங்கோவன்."

"அவவின்ர போனும் பழுதாம்."

ஒரு பொய்க்குப் பக்கத்தில் இன்னொன்று தானாக வந்து இருந்துகொண்டது. "அப்ப சரி. நான் தைக்கு வாறன். மூண்டு கிழமை ஆறுதலா நிக்கலாம்" என்றான். தங்கச்சி கட்டிலில் இருந்தபடி, "பாத்தியே, நான் சொன்னனான்" என்றாள். அன்றிரவு இரண்டு இடியப்பம் சாப்பிட்டாள். எனக்கு என்னவோ நல்லது செய்த மாதிரி இருந்தது.

அந்தப் போனுக்கு ஒன்பதாம் நாள் விடியப்புறம் அவளால் படுக்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. முன்வீட்டு டீச்சர்தான் ஆம்புலன்சுக்குப் போன் அடித்தார். வார்டில் ஒரு இளம் டொக்டர் பெண் உறையைத் திறந்து இரண்டு தாளையும் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அம்மா, இது எத்தன நாளைக்கு முந்தி எடுத்தது?" என்று உடைந்த தமிழில் கேட்டாள். சொன்னேன். அவள் உடனே நேர்ஸைக் கூப்பிட்டு ஒட்சிசன் கொண்டுவரச் சொன்னாள். அன்றே அவனுக்கு நான் போன் எடுத்தேன். "வெளிக்கிடு" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

தங்கச்சி இரண்டு நாள் கிடந்தாள். அவன் வந்து இறங்குவதற்கு ஐந்து மணித்தியாலம் முன்னால் போனாள். விமான நிலையத்தில் இருந்து நேராக, சவம் வைத்திருந்த மலர்ச்சாலைக்கு வந்தான், தடித்த குளிர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அதைக் கழற்றுவதற்கு மறந்துபோய், வேர்வை ஒழுக ஒழுக நின்றான்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த மறுநாள் டீச்சர் ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணியும் பிட்டும் கொண்டுவந்தார். அவன் எழும்பி அறைக்குள் போய்விட்டான். டீச்சர் படியடியில் என்னை மெல்லக் கூப்பிட்டு, "அக்கா, தம்பிக்கு எங்களோட ஏதும் கோவமா? நாங்க ஏதும் குறை வெச்சிட்டமா?" என்று கேட்டார்.

"இல்லை, இல்லை. களைப்பு" என்றேன்.

அன்று மத்தியானம் அவன் அந்த உறையை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தான். "கேளுங்கோ" என்று சொல்லி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினான். வலது நுரையீரலில் பெரிய கட்டி. இடது பக்கத்திலும் பரவியிருக்கிறது. நெஞ்சுக்குள் நீர் கட்டியிருக்கிறது. இதயத்தைச் சுற்றியும் நீர். உடனடியாக வைத்தியரிடம் காட்டவேண்டும். இரண்டாம் தாளுக்கு வந்தான். விரலை ஒரு இடத்தில் வைத்தான். எனக்கு அந்த இடம் தெரியும்.

"முதுகெலும்பு வயதுக்கேற்றபடி சற்றுத் தேய்ந்திருக்கிறது" என்று வாசித்தான். "இதுதான் நீங்கள் சொன்ன ஸ்லைட்லி பெரியம்மா. முள்ளந்தண்டு. எழுபது வயசில ஆருக்கும் இருக்கிறது."

அந்தத் தாளில் ஒரு பொய்யும் இல்லை. அச்சில் இருந்தது உண்மைதான்.

"இங்கிலிஷ் டீச்சராம்" என்றான். "ரெண்டு தாளை ஒழுங்கா வாசிச்சுச் சொல்லியிருந்தா நான் வெள்ளிக்கிழமையே ஏறியிருப்பன். அஞ்சு நாளாவது அம்மாவோட இருந்திருப்பன். ஏன் இப்பிடிச் செய்தவ எண்டு நான் போய்க் கேக்கிறன்." உறையைக் கையில் பிடித்தபடி எழும்பினான்.

அவன் கதவின் கொளுக்கியில் கை வைத்துவிட்டான்.

"தம்பி, அவ வாசிக்கேல்லை" என்றேன்.

கொட்டாஞ்சேனையில் நம்பர் கூப்பிட்ட அதே சத்தம்தான், வாசல் வரைக்கும்கூடப் போகாத சத்தம். ஆனால் அவனுக்குக் கேட்டது. திரும்பினான்.

"கதவடி வரைக்கும் போனனான். உள்ளுக்கு ஆக்கள் இருந்தவை. எனக்குக் கேக்க வெக்கமாப் போச்சு. கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்திட்டன். அந்த ஒரு சொல்லு எனக்குத் தெரியும். அதை வைச்சுச் சொன்னனான். அவவின்ர போன் பழுது எண்டதும் பொய்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவன் ஏசுவான், கத்துவான் என்று காத்திருந்தேன். வீட்டை விட்டுப் போ என்று சொன்னாலும் போயிருப்பேன். அவன் திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தான். கீழே ரயில் ஒன்று போய் முடியும்போது உறையை மேசையில் வைத்தான்.

பிறகு கேட்டான், "அம்மா ஆஸ்பத்திரியில என்னைக் கேட்டவவோ?"

"கேட்டவள்."

"நெடுகவோ?"

இதற்கு என்ன பதில் சொல்வது வழக்கம் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும், இல்லை மகன், மயக்கத்தில கிடந்தவள், ஒருக்கா ரெண்டுதரம் கேட்டவள், அவ்வளவுதான் என்று சொல்லியிருப்பார்கள். அது அவனுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். அந்த வசனம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நெடுகக் கேட்டவள்" என்றேன். "வார்டுக் கதவு திறக்கிற நேரமெல்லாம் கேட்டவள். ஒட்சிசன் மாஸ்க்கைக் கழட்டிப்போட்டும் கேட்டவள், நேர்ஸ் ரெண்டுதரம் ஏசினவ. வாறான், வாறான் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான். கடைசியாக் கேக்கேக்க சத்தம் வரேல்லை. வாய் மட்டும் அசைஞ்சது. உன்ர பேர்தான்."

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். நான் பக்கத்தில் போகவில்லை. தொட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தேன். கன நேரத்துக்குப் பிறகு அவன் எழும்பி, குழாயடியில் முகம் கழுவினான். டீச்சர் கொண்டுவந்த பிளாஸ்கை ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்தான்.

அதை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனான். மணிச் சத்தம் கேட்டது, கதவு திறந்த சத்தமும் கேட்டது. என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவன் திரும்பி வர அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.